பெண் பார்க்க வந்தவர்களுக்கு எறும்புப் பாடம்

ராஜபாளையம்,
திங்கட்கிழமை காலை.

கிருபையால் காக்கப்படும் மச்சான் ஐயாதுரை அவர்களுக்கு, அருளப்பன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், உங்கள் மடவார் வளாகத் தெரு பூராவும் கேட்டுவிடும்.

நீங்கள் சொன்ன வரன், அதாவது மாப்பிள்ளை ஜெர்வினும் அவருடைய அப்பாவும் அம்மா அமிர்தவல்லியும், நேற்று நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். நம்ம மகள் ஸ்வீட்லினுக்கு இது ஆறாவது வரன் என்பதும், இதுவும் தட்டிப்போனால் உங்கள் தங்கை என்னைச் சும்மா விடமாட்டாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கேசரி, மிக்சர், காபி எல்லாம் அமோகம். மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செஞ்சார். அம்புட்டுத்தான் மச்சான் நல்ல நேரம். பக்கத்து வீட்டுக் கருத்தையா மகள் இந்து, எல்கேஜி, நம்ம ஸ்வீட்லின் டீச்சரா இருக்கிற கிளாஸ்தான், கூப்பிடாமலே வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர் என்ன சொல்லித் தாறாங்க பாப்பா?" என்று அமிர்தவல்லி அம்மா ஆசையாகக் கேட்டார்கள். கேட்டிருக்கவே வேண்டாம். "எறும்பு எப்படிப் பொறக்கும்னு!" என்றவள் கேசரித் தட்டில் விரலை வைத்து, "இதுதான் முட்டை" என்றாள். உங்கள் மருமகள் அட்டையில் ரவையை ஒட்டி முட்டை என்றும், அரிசியை ஒட்டிப் புழு என்றும் பாடம் நடத்தியிருக்கிறாள்! "முட்டையில இருந்து வெள்ளைப் புழு வரும். கண்ணும் கிடையாது, காலும் கிடையாது, இப்படி நெளியும்" என்று அந்தப் பிள்ளை நெளிந்தும் காட்டியது. மாப்பிள்ளையின் அப்பா வாயில் போட்ட கேசரியை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"புழு கூட்டுக்குள்ள தூங்கும்லா, நீயும் போய்த் தூங்கு தாயி" என்று நான் விரட்டிப் பார்த்தேன். நகரவில்லை. "பொறவு ராணிக்குக் கல்யாணம். ராணிக்கும் ஆம்பளை எறும்புக்கும் ரெக்கை இருக்கும், பறப்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் ராணி ரெக்கையைக் கழட்டிப் போட்டுட்டு மண்ணுக்குள்ள போயிரும். ஆம்பளை செத்துப் போயிரும்" என்றவள், ஜெர்வினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த மாமா எப்பச் சாவாங்க?" என்று ஸ்வீட்லினிடம் கேட்டாளே!

ஆண்டவரே! அமிர்தவல்லி அம்மா டம்ளரை வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். முடிவு ஜெபம்கூடப் பண்ணாமல் மூன்று பேரும் காரில் ஏறிவிட்டார்கள். சரி, ஸ்வீட்லினாவது அழுவாள் என்று பார்த்தால், "கரெக்டாச் சொன்னேட்டி தங்கம்" என்று அந்தப் பிள்ளை கையில் ஸ்டார் போடுகிறாள்! "பச்சப் பிள்ளைகளுக்குச் சாவைப் பத்தியா சொல்லிக் குடுப்ப?" என்று சத்தம் போட்டேன். "அப்ப எறும்பு சாகாதுன்னு சொல்லவாப்பா?" என்கிறாள்.

மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கடிதம் கண்டதும் அவர்கள் வீட்டுக்குப் போய் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். எறும்பு என்ற பேச்சே இனி இந்த வீட்டில் எழாது என்று சொல்லுங்கள். கருத்தையா வேலைக்கு உங்கள் பக்கம்தான் போகிறார், கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மகள் செய்த காரியம் பாவம் அவருக்கு இன்னும் தெரியாது. உங்கள் குடும்பம் சகல ஆசீர்வாதத்தோடும் இருப்பதாக.

இப்படிக்கு, தலை நிமிர முடியாத
அருளப்பன்

பி.கு.: கவரை ஒட்டும்போது அமிர்தவல்லி அம்மாவே போன் பண்ணினார்கள். சின்னப் பிள்ளை பேச்சை மனசில் வைக்கவில்லையாம். நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள், "அந்தப் பிள்ளை சொன்னதுல ஒண்ணு சரிதான் அண்ணாச்சி. கல்யாணம் ஆனா ராணியே ரெக்கையைக் கழட்டிப் போட்டிருதுல்லா? உங்க மகளும் ஸ்கூலை விட்டுட்டு வீட்டோட இருக்கட்டும்" என்றார்கள். நேற்று வந்ததெல்லாம் ஒரு அதிர்ச்சியா மச்சான்! வாசலில் ஸ்வீட்லின் ஒரு கையில் பாடத்துக்கு எறும்பு பிடித்துப் போட்ட பாட்டிலும் மறு கையில் இந்துவுமாகச் சிரித்துக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "ஆம்பளை எறும்பு என்ன ஆகும்னும் அந்தப் பிள்ளை சொல்லிச்சேம்மா. அதுக்குச் சம்மதமான்னு தம்பிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றுவிட்டேன். போன் கட்டாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க நீங்கள் போக வேண்டாம். ஏழாவது வரன் பாருங்கள், பொண்ணு வேலையை விடமாட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.