கோட்டைக்காரரும் இரண்டாம் பாகமும்

ஜன்னல் அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கோட்டைக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

கோட்டைக்காரர் என்பது தொழிலில் வந்த பட்டப்பெயர். தொழில், கணினியில் படை திரட்டிப் போர் நடத்துவது. விளையாட்டுதான், ஆனால் சம்பளம் உண்டு, அணி உண்டு, முதுகில் பட்டப்பெயர் அச்சடித்த சட்டை உண்டு. வயது முப்பத்தெட்டு. வேறு வேலையாக இருந்தால் பதவி உயர்வு வரும் வயது. இந்த வேலையில், வழியனுப்பு விழாவில் யார் பேசுவது என்று மற்றவர்கள் யோசிக்க ஆரம்பிக்கும் வயது.

அந்த விளையாட்டின் முதல் பாகத்தில் அவரை அசைக்க ஆளில்லை. எதிரியின் சிம்மாசனத்தை உடைப்பவர் ஜெயித்தார்; அவ்வளவுதான் விதி. அவர் ஆட்டம் தொடங்கியதும் மூன்றடுக்கு மதில் கட்டுவார். உள்ளே உட்கார்ந்துகொள்வார். எதிரி வந்து முட்டுவான், மோதுவான், கடைசியில் களைத்துப்போவான். அப்போது இவர் கதவைத் திறந்து, கடைக்குப் போய் வருகிறவர் போல நிதானமாகப் போய்ச் சிம்மாசனத்தை உடைத்துவிட்டு வருவார்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. வில், வாள், குதிரை எல்லாம் பழையவைதான். ஆனால் சிம்மாசனத்தை வண்டியில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றார்கள். அது எங்கே இறங்குகிறதோ, அக்கம்பக்கத்து வீடுகள் மெல்ல மெல்ல அதற்குரியவர் பக்கம் சாய்ந்துவிடும் என்றார்கள்.

அணியில் எல்லாரும் மாறிக்கொண்டார்கள். வெட்டுக்கிளி என்று பெயரெடுத்தவன், ஆட்டம் தொடங்கிய சூட்டோடு பாய்கிறவன், இப்போது பொறுமையாக வயல் உழுதான். கருமி என்று பெயரெடுத்தவன் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வாரி இறைத்தான். கோட்டைக்காரர் மட்டும் மதில் கட்டினார். கட்டினார், தோற்றார். மறுபடி இன்னும் கனமாகக் கட்டினார், இன்னும் நன்றாகத் தோற்றார்.

அணித் தலைவன் போனில் கெஞ்சினான். "அண்ணே, அந்தச் சுவரை விட்டு வெளிய வாங்கண்ணே! அடுத்த மாசம் தகுதிச் சுற்று. இப்படியே போனா உங்களை எடுத்துட்டு, மைக் முன்னாடி உட்கார வெச்சு வர்ணனை சொல்லச் சொல்லிடுவாங்க."

கோட்டைக்காரருக்கு மைக் என்றாலே ஆகாது. ஆனாலும், "பார்க்கலாம்" என்றார்.

'பார்க்கலாம்' என்பது அவருடைய நாலாவது மதில். வீட்டுக்கென்றே கட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அதற்குள்தான் குடியிருக்கிறார்.

அவர் மனைவிக்கு வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்த லாரி எந்தத் தெருவுக்கு, எந்தப் பீரோ எந்தப் படியில், எல்லாம் அவள் சொல்படி. ஒரு குடும்பத்தின் சட்டி பெட்டி முழுவதையும், கீழ்வீட்டுக்காரர் தூக்கம் கலையாமல் இடம் மாற்றிவிடுவாள். இதைக் கோட்டைக்காரர் அடிக்கடி பிறரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

"ஏங்க, அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. அவர் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நம்ம வீடு கீழ்த்தளம். ஜன்னல் ரூம்ல பாத்ரூமும் பக்கத்துலயே இருக்கு."

"பார்க்கலாம்."

"எப்ப பார்க்கலாம்? அவர் நடந்து வந்து பார்க்கிற வரைக்குமா?"

"நான் பயிற்சி எடுக்கணும்மா. தகுதிச் சுற்று வருதில்ல? உங்கப்பா தங்கமான மனுஷன். ஆனா பேச ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார். அந்த ரூம் போச்சுன்னா என் வேலையும் போச்சு."

"ரூம் இருந்துமே தோத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

சுருக்கென்றது. ஆனால் மதிலுக்குள் இருந்து பழகியவர் சட்டென்று கோபப்பட மாட்டார். யோசித்தார். நேராக 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மாமனார் மேல் பிரியமும் உண்டு. ஆகவே 'முடியாது' என்பதற்கு ஒரு கௌரவமான சட்டை மாட்டினார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்னோட ஒரே ஒரு ஆட்டம் ஆடு. நீ ஜெயிச்சா ரூம் உங்கப்பாவுக்கு. நான் ஜெயிச்சா அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"பேச்சு எடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அவள் முதல் பாகம் ஆடியதே இல்லை. இரண்டாம் பாகத்தின் பெட்டியைத் தூசி தட்டியதோடு சரி.

பாவம் பார்த்து அவரே கற்றும் கொடுத்தார். எந்தப் பொத்தானை அமுக்கினால் வீடு, எதை அமுக்கினால் வயல்.

"இந்தச் சிம்மாசனத்தை வண்டியில ஏத்தலாமா?"

"ஏத்தலாம். யாரும் ஏத்த மாட்டாங்க. நடு வழியில மாட்டிக்கிட்டா ஆட்டமே போச்சு."

"யாரும்னா?"

"நான்."

"ஓ" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் கோட்டைக்காரர் காதை முழுசாக மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, மதில் கட்டிப் பழகினார். இடையிடையே மனைவி தோளைத் தொடுவாள். ஒரு காதை மட்டும் விடுவிப்பார்.

"இந்த மடக்குக் கட்டிலை இப்படி ஓரமா வெச்சுக்கறேன். வெளிய கால்ல இடிக்குது."

"ம்."

"டேபிள் ஃபேனும் இங்கயே இருக்கட்டும்."

"ம்."

"கதவுத் தாழ்ப்பாள் ஆடுது. கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"பார்க்கலாம்" என்றார், பழக்க தோஷத்தில்.

தலையணை வந்தது. தண்ணீர் ஜாடி வந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி வந்தது. அவர் கண் திரையில் இருந்தது. திரையில் மதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர் தொடங்கியது. அவர் ஜன்னல் அறையில், அவள் ஹாலில், சோபாவில், மடிக்கணினியோடு. அவருடைய வீடுகள் சிவப்பு, அவளுடையவை நீலம்.

முதல் மதில் எழுந்தது. தானிய வண்டிகள் வரிசையாக உள்ளே வந்தன. இரண்டாவது மதில் எழுந்தது. வண்டி எல்லாம் வந்தாயிற்று என்று கதவைச் சாத்தினார். மூன்றாவது மதிலையும் எழுப்பி, மேலே வில்லாளிகளை நிறுத்தி, எதிரி வரட்டும் என்று உட்கார்ந்தார்.

எதிரி வரவில்லை.

வெகுநேரம் காத்திருந்தார். ஒரு நீல ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை. சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டாளோ? அவருக்கே சலித்துப்போய், குதிரைப் படையை அனுப்பினார். அவள் சிம்மாசனம் இருந்த இடத்தில் வெறும் புல்தரை. காட்டில் தேடினார், இல்லை. ஆற்றங்கரையில் இல்லை. மலைக்குப் பின்னாலும் இல்லை. குதிரைகளுக்கே மூச்சு வாங்கியது.

அப்போதுதான் தம் கோட்டைக்குள், தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வீடு நீலமாகத் தெரிந்தது. திரையில் ஏதோ கோளாறு என்று சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பக்கத்து வீடும் நீலமானது. எதிர் வீடும் நீலமானது. தெருவே நீலமானது. மதில் மேலிருந்த அவருடைய வில்லாளிகள் நிதானமாகத் திரும்பி அவரையே குறி பார்த்தார்கள்.

கிடங்குக்குப் பின்னால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், நீலச் சிம்மாசனம் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. தானிய வண்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. அதற்குத்தான் அவர் இத்தனை நேரம் மூன்றடுக்கு மதில் கட்டிக் காவல் காத்திருக்கிறார்.

அடுத்த அம்பு மழையில் சிவப்புச் சிம்மாசனம் உடைந்து விழுந்தது. 'தோல்வி' என்றது திரை, பெரிய எழுத்தில்.

கோட்டைக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். முதுகுக்குப் பின்னால் யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பினார். மடக்குக் கட்டில் விரிந்திருந்தது. அதில் மாமனார், கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி, ஃபேன் காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருந்தார்.

"மாமா! எப்ப வந்தீங்க?"

"நீங்க முதல் செங்கல் வைக்கறப்ப, மாப்பிள்ளை. உங்க மச்சான் கார்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனான். ரெண்டு தடவை இருமினேன். நீங்க மும்முரமா மூணாவது சுவர் கட்டிட்டிருந்தீங்க."

"எல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. நீல வண்டி ஒண்ணு உள்ள போச்சு. நம்ம வண்டியா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். நான் பேசினா உங்களுக்குக் கவனம் சிதறும்னு அவதான் சொல்லி வெச்சிருந்தா."

வாசலில் மனைவி நின்றாள், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது போல மடிக்கணினியை வைத்துக்கொண்டு.

கோட்டைக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம். "ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே உங்கப்பா வந்தாச்சே? நான் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நீங்க ஜெயிச்சா பேச்சு எடுக்கக் கூடாதுன்னுதானே பந்தயம்? எடுத்திருக்க மாட்டேன். அப்பா பாட்டுக்கு இங்க படுத்திருப்பார். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

கோட்டைக்காரர் திரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இருந்த நாலு ஓட்டைகளைப் பார்த்தார். அணித் தலைவன் ஒரு மாதமாகக் கத்தியது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இந்த வண்டி வித்தையைக் கற்றுக்கொண்டால் தகுதிச் சுற்றில் யாராலும் தம்மைத் தொட முடியாது என்று தோன்றியது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, நாளையிலேருந்து தினம் ஒரு ஆட்டம் என்னோட ஆடறியா? ஹால்லயே உட்கார்ந்து ஆடலாம். இதை நான் உன்கிட்ட கத்துக்கணும்."

மனைவி மடிக்கணினியை மெல்ல மூடினாள். அவர் அதற்குள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பார்க்கலாம்" என்றாள்.

"எதுவா இருந்தாலும் வெளிய போய்ப் பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், தலையணையைத் தட்டிக்கொண்டே. "எனக்குக் கண்ணு சொக்குது. போறப்ப அந்தக் கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க."