கடல் உள்வாங்காத வியாழக்கிழமை

புழு, பூச்சி, நத்தை, நண்டு என எலும்பில்லாத ஜீவன்களுக்காகவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகத்தான அலுவலகம் எங்களுடையது. அதன் தலைமை எழுத்தர் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் உயிரினம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடவுளுக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பவர்கள் நாங்களே.

இந்த உயிரினக் கணக்கெடுப்பில் எங்கள் 'நிலப் பிரிவு' முந்தின மாதமே கடமையை முடித்துவிட்டது. தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் போய் எண்ணினார்கள். ஒரு மரவட்டை, ஒரு கரப்பான். கரப்பான் மல்லாந்து கிடந்ததால் அரை என்று பதிந்தார்கள். அத்தனை துல்லியம்!

மிச்சமிருந்தது கடலோரப் பாறைத்திட்டு. அங்கே உயிர் எதுவும் இல்லையென்று சான்றிதழ் கொடுத்தால் திட்டை மூடிக் கட்டடம் எழுப்பலாம். பதினோரு வருடமாக அங்கே குனிந்து கிடப்பவர் எங்கள் கள ஆய்வாளர். நத்தையக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடல் தாமரை, நட்சத்திர மீன், கடல் அட்டை, ஓடு மாற்றிக் குடிபோகும் நண்டு என்று இருநூற்றுப் பதினான்கு இனம் பார்த்திருக்கிறார். அதில் எலுமிச்சை அளவு நீல நத்தை ஒன்று வேறெங்குமே கிடையாதாம். கணக்கெடுப்பு வியாழன் பதினோரு மணிக்கு என்று சுற்றறிக்கை வந்ததும் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அன்னிக்குக் காலைல ஆறு மணிக்குத்தான் கடல் உள்வாங்கும். பதினோரு மணிக்குப் பாறையே தெரியாது!"

"அதுகள வெளிய வரச் சொல்லும்மா."

"பாறைல ஒட்டிக்கிட்டு இருக்கறது எப்படி சார் வரும்? ஒரு வாரம் தள்ளி வைங்க. அப்ப மத்தியானமே உள்வாங்கிடும்."

"கடலுக்காக ஆபீஸ் காத்துக்கிட்டு இருக்கணுமா? நல்லாருக்கே கதை!"

"மூடிட்டா அந்த நத்தைக்குப் போக்கிடம் இல்ல சார்." குரல் உடைந்துவிட்டது. இயக்குநர் மனமிளகி ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

வியாழனன்று குழு கரையில் நின்று கடலைப் பார்வையிட்டது. காலுறை நனையக்கூடாதல்லவா? நத்தையக்கா மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கி, முங்கி, உள்ளங்கையில் நீல நத்தையோடு மூச்சிரைக்க வந்தார்.

"இந்தாங்க சார், பாருங்க!"

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொன்னே கால். படிவத்த மூடியாச்சே. என்னய்யா, மூடியாச்சுதானே?"

படிவம் என் கையில் திறந்துதான் இருந்தது. மூடினேன்.

"ஆமா சார்."

இன்று அந்தத் திட்டின்மேல் நிற்பது எங்கள் புதிய அலுவலகம். வாசலில் ஆளுயரச் சிமெண்ட் நத்தை. நீல வண்ணம்தான் வேண்டுமென்று கேட்டு அடித்தோம். எண்ண எதுவும் இல்லாததால் நத்தையக்காவின் பணியிடம் ரத்தாயிற்று. கடைசி நாள் என் மேசைக்கு வந்து, காலியான நீல ஓடு ஒன்றை வைத்தார்.

"அண்ணே, அன்னிக்குப் படிவம் திறந்துதானே இருந்துச்சு?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

எனக்கு இப்போது ஜன்னலோர இருக்கை. கடல்காற்று பலமாக வீசுகிறது. 'இனங்கள்: இல்லை' என்று நான் கையெழுத்திட்ட சான்றிதழ் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் அந்த ஓட்டைத்தான் வைத்திருக்கிறேன். இல்லாத நத்தைக்கு நல்ல கனம்.