புல்லுக்கும் ஒரே கரண்டி

திருவண்ணாமலையில் பாரபட்சம் என்றால் என்னவென்றே தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். நான் சாமியைச் சொல்லவில்லை. அவரைப் பார்ப்பதற்கே பொது வரிசை, சிறப்பு வரிசை என்று இரண்டு இருக்கிறது. நான் சொல்வது வேங்கிக்கால் தாண்டி நான் வேலை பார்த்த கல்யாண மண்டபத்தின் மேனேஜர் அம்மாவை. அவர் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'கரண்டியம்மா' என்றால் சமையல் மாஸ்டர் முதல் மேளக்காரர் வரை நிமிர்ந்து உட்காருவார்கள்.

பந்தி நடக்கும்போது கையில் ஒரு கரண்டியோடு சுற்றுவார். பரிமாற வந்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கரண்டி கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொண்டு மண்டபத்துக் கரண்டியைக் கொடுப்பார். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி இலைக்கும் அதே கரண்டி, வாசலில் கோலம் போட்டவர் இலைக்கும் அதே கரண்டி. ஒருமுறை மாப்பிள்ளைக்கு இரண்டாவது ஜாங்கிரி வைக்கப் போனவரையே கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"மேடம், மாப்ளைங்க..." என்று அவர் இழுத்தார்.

"இருக்கட்டும். கடைசி எல வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா. மிஞ்சினா வை. இன்னிக்குத்தானே தாலி கட்டியிருக்காரு, எங்க ஓடிடப் போறாரு?"

மாப்பிள்ளை அந்த ஜாங்கிரிக்காகக் காத்திருந்தார் என்பதையும், அது மிஞ்சவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எலக்ட்ரீஷியன் 'கரண்டு', தோட்டக்காரர் 'தோட்டம்'. மண்டபத்துக்குத் தேதி பதிவு செய்து கொடுக்கும் வேலை எனக்கு, அதனால் நான் 'புக்கிங்கு'. என் மனைவி ஒருநாள் மண்டபத்துக்குப் போன் செய்து என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்று வைத்துவிட்டார்.

மண்டபத்துக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் புல்வெளி போட்டது அவருடைய யோசனை. இப்போதெல்லாம் வரவேற்பு என்றால் எல்லோரும் வானம் தெரிய, புல்மேல் நாற்காலி போட்டுத்தான் கேட்கிறார்கள். மண்டபத்தின் முதலாளி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர். அவரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கி, தோட்டக்காரரோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தானும் புல் நட்டார் கரண்டியம்மா. தண்ணீர் தெளிக்கக் கடையில் கிடைத்த ஸ்பிரிங்க்லர்களை வாங்கி வைத்தார். ஒன்று சுற்றும், ஒன்று விசிறும், ஒன்று எதுவும் செய்யாது.

வந்த வினை அதுதான். மோட்டார் இருந்த கேட் பக்கம் தண்ணீர் பீறிட்டு அடித்தது. கோடியில் இருந்தவையோ எச்சில் வடிப்பதுபோல் வடித்தன. ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் மொட்டைத் தரை.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் மானம் கப்பலேறியது. வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட் பக்கமும், பெண் வீட்டாருக்குக் கோடிப் பக்கமும் நாற்காலி போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா கனமான மனிதர். எல்லோருக்கும் வணக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் பின்னங்கால்கள் சேற்றில் இறங்க, கூப்பிய கை கூப்பியபடியே மெல்ல மெல்ல மல்லாந்துவிட்டார். அந்தப் பக்கம் பெண் வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, வடையெல்லாம் புழுதி.

"பொண்ணு வீடுன்னா மண்ணுல ஒக்கார வைப்பீங்களா?" என்று ஒரு குரல்.

"நாங்க மட்டும் என்னா, சேத்துல நாத்து நடவா வந்தோம்?" என்று எதிர்க்குரல்.

கடைசியில் இரண்டு வீட்டாரையும் ஒரே போட்டோவில் சிரிக்க வைக்க போட்டோகிராபர் பட்ட பாடு சொல்லி மாளாது.

மறுநாள் காலை கரண்டியம்மா காபிகூடக் குடிக்காமல் அந்த மொட்டைத் தரையில் போய் உட்கார்ந்திருந்தார்.

"என் மண்டபத்துல ஓரவஞ்சனைன்னு ஒரு பேச்சு வந்துடுச்சே, புக்கிங்கு" என்றார். அவர் குரல் கம்மி நான் கேட்டது அன்றுதான்.

முதலாளி வந்தார். "புல்லு வாணாம் மேடம். சிமெண்ட் கல்லு பதிச்சிடலாம். கல்லு வாடாது, தண்ணி கேக்காது."

"ஆடியில எப்படியும் கல்யாணம் கெடையாதுங்க. அதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பௌர்ணமி அன்னிக்கு வருவேன். எல்லா எடத்துலயும் தண்ணி ஒரே மாதிரி விழுதுன்னு கண்ணால காட்டணும். இல்லன்னா கல்லுதான்."

கரண்டியம்மா முதலில் செய்த காரியம், எல்லோரும் செய்யும் தப்பு. தண்ணீர் கடைசி வரை போகவில்லையா, பெரிய மோட்டார் போடு! போட்டார். கோடியில் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் கேட் பக்கம் வந்த வேகத்தில் தண்ணீர் புகையாகிவிட்டது. அந்தப் புகையை ஆடிக் காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போய் ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர்கள் மேல் தெளித்தது. புல்லுக்குச் சொட்டுகூட இல்லை.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு டவுனில் விவசாயக் குழாய் விற்கும் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கை நீளத்துக்கு ஒரு கருப்புக் குழலைக் காட்டினார்.

"இது அழுத்தத்த அடக்குற ஸ்பிரிங்க்லர் மேடம். உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. பின்னால எவ்ளோ ஜாஸ்தியா வந்தாலும், வெளிய இவ்ளோதான்னு ஒரே அளவா விடும்."

கரண்டியம்மாவின் கண்கள் அகல விரிந்தன. "அப்போ... இது கரண்டி!"

"என்னாங்க?"

"அண்டாவுல எவ்ளோ இருந்தாலும் எலைக்கு ஒரு கரண்டிதான். அதானே?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு மேடம். ஜாஸ்தியா வந்தா அடக்கும். கம்மியா வந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது."

"எலைக்கு சாம்பாரே வந்து சேரலன்னா கரண்டி என்னா பண்ணும்? அதுக்குத்தான் பெரிய மோட்டார் வாங்கியிருக்கேன்" என்றார், ஏதோ எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு வாங்கியதுபோல. பத்து நாளாக அந்த மோட்டாருக்காக முதலாளியிடம் திட்டு வாங்கியவர் அவர்தான்.

எல்லாம் ஒரே ரகமாக வாங்கினார். மூலையில் நிற்பது கால் வட்டம் தெளிக்கும், ஓரத்தில் நிற்பது அரை வட்டம், நடுவில் நிற்பது முழு வட்டம். ஒன்று வீசும் தண்ணீர் அடுத்ததன் காலடியைத் தொட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பிளம்பரின் உயிரை எடுத்தார் கரண்டியம்மா. குழாயில் மண் போகத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஒன்றையும் மாட்ட விடவில்லை. ஒவ்வொன்றும் தரை மட்டத்துக்கு நிற்க வேண்டும், பட்டுப்புடவை மாட்டக் கூடாது, சாயவும் கூடாது. சாய்கிறதா என்று பார்க்க, அதன் தலையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்ப்பார்.

பிளம்பர் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், இது வெறும் புல்லுங்க."

"புல்லு வாயத் தொறந்து கேக்காதுன்னுதானே ஏமாத்தப் பாக்குற?"

பௌர்ணமி வந்தது. காலையிலேயே வாசலில் சிமெண்ட் கல் ஏற்றிய லாரி வந்து நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல், மண்டபத்தில் இருந்த அத்தனை எவர்சில்வர் டம்ளர்களையும் என்னிடம் கொடுத்து, புல்வெளி முழுக்க வரிசையாக வைக்கச் சொன்னார். வரிசையில் உட்கார வேண்டியவை டம்ளர்கள், குனிய வேண்டியவன் நான். என் இடுப்பு இன்றைக்கும் அந்த நாளை மறக்கவில்லை. அன்று காற்று அதிசயமாக அடங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்பிரிங்க்லர் ஓடியது. எந்த டம்ளரில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மோட்டாரை நிறுத்தியதும் முதலாளியின் கார் வந்தது. கரண்டியம்மா அவரை மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார். நான் அளப்பதற்கு ஸ்கேல் எடுக்க உள்ளே போனேன். காருக்காகத் திறந்த கேட்டை யாரும் மூடவில்லை.

நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், புல்வெளி நிறைய ஜனம்! கிரிவலத்துக்காகச் செஞ்சிப் பக்கமிருந்து வேன்களில் வந்திறங்கிய கூட்டம். பௌர்ணமி நாளில் இந்த ஊரில் வரிசையாகத் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, யாரோ புண்ணியவான் தாகத்துக்கு வைத்தது என்று எடுத்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, குடிக்காதீங்க! அது அளவு!" என்று கத்திக்கொண்டு ஓடினார் கரண்டியம்மா. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

முதலாளி வாட்சைப் பார்த்தார். "சரி மேடம், அளவெல்லாம் வயித்துக்குள்ள போயிடுச்சு. கல்ல எறக்கச் சொல்லிடவா?"

கரண்டியம்மா புல்லில் உருண்டு கிடந்த ஒரு காலி டம்ளரைக் குனிந்து எடுத்தார். அப்போதுதான் ஒரு பெண்மணி, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியபடி சண்டைக்கு வந்தார்.

"ஏம்மா, வைக்கிறதுதான் வைக்கிறீங்க, நெறைய ஊத்தி வைக்கக் கூடாதா? அத்தன பேருக்கும் கால் டம்ளர்தானா?"

கரண்டியம்மா தலையைத் தூக்கினார். "நீங்க எங்க எடுத்தீங்க?"

"தோ, கேட்டாண்ட."

"நான் அந்த மூலைக்கே போய்ப் பாத்தேங்க" என்றார் கூட வந்த அந்தப் பெண்மணியின் நாத்தனார். "அங்கயாவது நெறைய இருக்கும்னு நாலு டம்ளர் எடுத்தேன். எல்லாத்துலயும் அதே கால் டம்ளர்தான். ஒண்ணுலகூட ஒரு மடக்கு ஜாஸ்தி இல்ல!"

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா. மொதலாளி காதுல விழற மாதிரி சத்தமா சொல்லுங்க!"

நாத்தனார் ஆவேசமாகச் சொன்னார். கூட்டமே ஆமாம் போட்டது. மிச்சமிருந்த டம்ளர்களை முதலாளி குனிந்து குனிந்து பார்த்தார். கேட் பக்கம் பார்த்தார், நடுவில் பார்த்தார், கோடியில் பார்த்தார். பிறகு லாரிக்காரரிடம், "கல்ல மில்லுக்கு எடுத்துக்கினு போப்பா. நெல்லு காய வைக்கக் களம் போட்டுக்கலாம்" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் நான் கைதட்டினேன்.

ஆவணியில் அந்தப் புல்வெளி மொட்டையும் இல்லாமல், சேறும் இல்லாமல் எப்படிப் பச்சைப் பசேலென்று இருந்தது என்பதைப் பற்றி நான் தனிக் கட்டுரையே எழுதுவேன். சொல்ல வந்தது அதுவல்ல.

அன்று மாலை, "கேட்டுக்கினு நிக்கிறாங்களே, பாவம்" என்று அண்டா நிறைய மோர் கலக்கச் சொன்னார் கரண்டியம்மா. அதே டம்ளர்களைக் கழுவி, அதே கரண்டியால் தானே ஊற்றினார். செஞ்சிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி. லாரிக்காரருக்கு ஒரு கரண்டி. முதலாளி டம்ளரை நீட்டியபோதும் ஒரே ஒரு கரண்டி. கடைசியில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு கரண்டி ஊற்றினார். அக்கம் பக்கம் ஒருமுறை பார்த்தார். சட்டென்று இன்னொரு அரைக் கரண்டி ஊற்றிவிட்டு, வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று கண்ணாலேயே மிரட்டினார். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன், கரண்டியம்மா.