நேவி ப்ளூ கோட்டும் ஊரப்பாக்கத்து மாவும்

மே மாத மத்தியானத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் நின்று, கோட்டைக் கழற்றாமல் கேழ்வரகுக் கூழ் குடித்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவரோடு ஊரப்பாக்கத்தில் ஒரே வீட்டில் குடியிருந்த பெருமை எனக்கு உண்டு.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். தண்ணி கேன் போடுகிறவர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவன் ‘கோட்டு’.

சொந்த ஊர் அனகாபுத்தூர். காட்டாங்குளத்தூர் பக்கம் சட்டப் படிப்பில் கடைசி வருஷம். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் செந்திலும் நானும் குடியிருந்த வீட்டுக்கு மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தான். வந்த அன்றே பெட்டியிலிருந்து ஒரு நேவி ப்ளூ கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாடா இது?” என்றான் செந்தில்.

“மச்சான், நான் கோர்ட்டுக்குப் போற வக்கீல் ஆவப் போறதில்ல. கமர்ஷியல் லா ஃபர்முல ட்ரெய்னியா சேரப் போறேன். கம்பெனிக்காரனுங்க ஒருத்தனோட ஒருத்தன் அக்ரிமென்ட் போடறானுங்க பாரு, அத்த எழுதிக் குடுக்கற ஆபீஸு. அங்க ஃபுல்லா ஏசி, ஃபுல்லா கோட்டு.”

“சேர்ந்ததுக்கு அப்புறம் போட்டுக்கயேன்.”

“அப்போ போட்டா புதுசா போட்ட மாதிரி தெரியும். இப்பவே ஒடம்புக்குப் பழக்கணும்.”

உடம்பு கடைசிவரை பழகவில்லை. செந்தில் வாங்கி வைத்த வேர்க்குரு பவுடர்தான் வாரத்துக்கு ஒரு டப்பா காலியானது. முதுகில் பவுடரும் மேலே கோட்டுமாக அவன் படியிறங்கினால், பின்னால் ஒரு வெள்ளைப் புகை இறங்கும்.

ஒரு சனிக்கிழமை தாம்பரம் போக அவனோடு மின்சார ரயிலில் ஏறினேன். பெட்டியில் திடீரென்று பேச்சு நின்றது. கதவோரம் நின்றிருந்தவர்கள் பாக்கெட்டைத் தடவி சீசன் டிக்கெட்டை நீட்டினார்கள். வண்டலூரில் ஒரு கும்பல் அவசரமாக இறங்கி ஓடியது. கோட்டைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார்கள்! இவனோ ஒவ்வொரு டிக்கெட்டையும் வாங்கி, உற்றுப் பார்த்து, “தேங்க்யூ” சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறான்.

“டேய், என்னடா பண்ற?”

“நீட்டறாங்க மச்சான். பாக்கலைன்னா மரியாதையா இருக்காது.”

பெருங்களத்தூரில் நிஜப் பரிசோதகர் ஏறினார். இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாருய்யா நீ?”

“ஆஸ்பைரிங் ட்ரெய்னி அசோசியேட் சார்.”

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “அது எந்த டிவிஷன்?”

நல்ல வேளையாக, தாம்பரம் வந்துவிட்டது.

விண்ணப்பம் அனுப்புவதையும் ஒரு விரதம் மாதிரிதான் செய்வான். ஒரு ஃபர்முக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பமாட்டான். அந்த ஆபீஸ் யாருக்கு வேலை செய்கிறது, எதில் பேர் வாங்கியது என்று எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் முதல் வரியே எழுதுவான். ஒருமுறை ஓர் ஆபீஸில் ஃபோனிலேயே இன்டர்வியூ என்றார்கள். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு ஹாலுக்கு நடுவில் விறைப்பாக நின்றான்.

“ஃபோன்ல ஷூ தெரியுமாடா?” என்றேன்.

“கொரல்ல தெரியும்” என்றான்.

அந்த ஆபீஸ் அவனை எடுக்கவில்லை. அடுத்ததும் எடுக்கவில்லை. பெரிய சட்டக் கல்லூரிகளில் படித்தவர்களோடு இவனும் வரிசையில் நிற்கிறான் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவனுக்குப் புரிந்த மாதிரியே தெரியவில்லை. ‘உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்று மெயில் வந்தால், “பாத்தியா, தூக்கிப் போடலை, வெச்சிருக்காங்க” என்பான். நிராகரித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, தன்னிடம் என்ன குறை என்று கேட்டுப் பதில் போடுவான். யாரும் பதில் எழுதுவதில்லை. ஒரே ஒருவர் மட்டும் எழுதினார்: கிளையண்டுகளைக் கையாண்ட அனுபவம் போதாது.

“அவ்ளோதானா?” என்று கிளம்பிவிட்டான், கிளையண்ட் தேடி.

கீழ்வீட்டில் மாவு அக்கா இருந்தார். இட்லி மாவு அரைத்து வாசலில் விற்கிறவர். மெயின் ரோட்டில் புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட் ஒன்று அவருடைய மாவைப் பாக்கெட்டில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அக்கா படிக்கவில்லை. இனிமேல் அவர் மாவை அந்தக் கடை மட்டும்தான் விற்கலாம் என்று அதில் ஒரு வரி. வாசலில் விற்கக் கூடாது என்று கடையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது. வருஷக்கணக்காகப் பாத்திரத்தோடு வரும் தெருக்காரர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது?

கோட்டு அதை வாங்கி வரி விடாமல் படித்தான்.

“அக்கா, உங்களுக்கு மூணு ஆப்ஷன் கீது.”

“ஆப்ஷன்லாம் வேணாம்ப்பா. நாளைக்குக் காலைல நான் மாவு விக்கலாமா, கூடாதா?”

“இட் டிபெண்ட்ஸ் அக்கா...”

“உன் இங்கிலீஷ அப்பறம் வெச்சுக்க. ஆமாவா, இல்லையா?”

மாடிக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல். “மச்சான், கஷ்டமான கிளையண்ட் கெடச்சாச்சு!”

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டுக்கு நானும் கூடப் போனேன். மேனேஜர் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“வக்கீல் சாரா?”

“இல்ல சார், இன்னும் ஆவலை. அக்கா வூட்டுக்கு மேல் வூடு.”

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கோட்டு குரலை உயர்த்தவில்லை, சட்டம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“சார், அக்கா வாசல்ல வித்தா உங்களுக்கு இன்னா பயம்?”

அதே மாவு வாசலில் மலிவாகக் கிடைத்தால் இங்கே பாக்கெட்டை யார் வாங்குவார்கள் என்றார் அவர்.

“பாக்கெட்டு முழுக்க நீங்களே வெச்சிக்கங்க. பாத்திரம் எடுத்துக்கினு வரவங்களுக்கு மட்டும் அக்கா ஊத்தட்டும். சொம்பைத் தூக்கிக்கினு ஏசி கடைக்கு யாரும் வரமாட்டாங்க. பாக்கெட்டு வேணுங்கறவங்க அக்கா கதவைத் தட்டமாட்டாங்க. ரெண்டு பேருமே வேற ஆளு சார்.”

மேனேஜர் முதலாளிக்கு ஃபோன் போட்டுப் பேசினார். கோட்டு அங்கேயே புது வரியை எழுதிக் கொடுத்தான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அக்காவிடம் இங்கிலீஷில் ஒருமுறையும் தமிழில் இரண்டுமுறையும் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் கையெழுத்தை வாங்கினான்.

“இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய கோட்டு?” என்றார் அக்கா. அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான். ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒரு குண்டான் மாவு மாடியேறி வந்தது. எங்கள் அடுப்பில் தோசையைத் தவிர வேறெதுவும் வேகவில்லை. அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், அன்றைக்கு முதல்முறையாக அவனை அண்ணாந்து பார்த்தேன்.

அந்த வருஷத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபர்ம். நேரில் இன்டர்வியூ. போனவன் சாயங்காலம் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். செந்தில்தான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தான்.

சமீபத்தில் கவனித்த ஒரு டீலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அங்கிருந்த மேடம் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கிய கதை சொன்னார்களாம். இவன் மாவுக் கதை சொல்லியிருக்கிறான். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தான். மேடம் நடுவில், “இது கமர்ஷியல் லாவா?” என்று கேட்டதும், மாதக்கணக்கில் பழகிய இங்கிலீஷ் அத்தனையும் காலை வாரிவிட்டது.

“வியாபாரம் பண்றவங்க ரெண்டு பேரு, நடுவுல ஒரு அக்ரிமென்ட்டு, ரெண்டு பேருக்கும் பயம். வேற இன்னா மேடம் வோணும்னு கேட்டுட்டேன் மச்சான். மேடத்துகிட்டப் போயி ‘இன்னா’ன்னு கேட்டுட்டேன். தேங்க்யூன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“இந்த வேலை வரலைன்னா என்ன பண்ணுவ?” என்றேன்.

“அப்பா ஒரு எடம் பாத்து வெச்சிருக்காரு. பத்திரம் எழுதற ஆபீஸு. அதுவும் நல்ல வேலைதான். ஆனா நான் ஆசைப்பட்டது அது இல்லியே.”

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கோட்டு ஆணியிலேயே தொங்கியது. தெருவில் எல்லோரும் எங்களிடம் விசாரித்தார்கள். இஸ்திரிக்காரர், “உடம்பு சரியில்லையா சார்?” என்றார்.

மெயில் வந்தபோது அவன் கீழே அக்கா வீட்டு வாசலில் இருந்தான். படித்தான். மறுபடி படித்தான். ஃபோனை என்னிடம் நீட்டினான். ட்ரெய்னியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கத்தியதில் தெருவில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். அக்கா மாவுக் கையோடு அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

“சம்மதம்னு கையெழுத்து போட்டு அனுப்புடா மொதல்ல!”

“இருங்க அக்கா, இன்னும் முழுசாப் படிக்கலை.”

“அதான் வேலை குடுத்துட்டாங்களேப்பா!”

“படிக்காம போட்டு நீங்க பட்டது போதாதா?” என்று சொல்லிவிட்டு, கன்னத்து மாவைத் துடைக்காமல் படியில் உட்கார்ந்து, கடைசி வரி வரை படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

இப்போது ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்திருக்கிறார். அமைதியானவர், எதற்கும் தகராறு இல்லை. கோட்டு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஃபோன் செய்வான். அந்த ஞாயிறு செந்தில் ஆஸ்பத்திரி டூட்டியை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுகிறான். ஏன் என்று கேட்டால், “சும்மாதான்” என்கிறான். நானும் அன்றைக்கு எங்கேயும் போவதில்லை.