தினமும் பதினாலு கிலோமீட்டர்

"என்னங்க பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? சைக்கிள் ஓட்டுறேன்."

மனைவி கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த குட்டி அறையில், மேல் வீட்டுக்காரம்மாவின் மகளுடைய ரோஸ் நிற சைக்கிள் ஸ்டாண்ட் போட்டு நின்றது. அதன் மேல் அவளுடைய நாற்பத்தொரு வயதுக் கணவர், தலையில் ஹெல்மெட்டோடு, முழங்கால் தாடையில் இடிக்க இடிக்க மிதித்துக்கொண்டிருந்தார். கைகள் மட்டும் ஹேண்டில்பாரில் இல்லை. எதிரே தடதடவென்று துணி பிழிந்துகொண்டிருந்த வாஷிங் மெஷினை இரண்டு கையாலும் பிடித்திருந்தன.

"சரி, மெஷினை எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?"

"அதுதான் ரோடு."

"ரோடா?"

"குலுங்குது இல்ல? ரோட்டுல போனாலும் இப்படித்தான் குலுங்கும். தள்ளி நில்லு, குறுக்க வராதே."

மனுஷருக்கு மூளை கலங்கிவிடவில்லை. கையில் கட்டும் உடற்பயிற்சி வாட்ச் செய்கிற கம்பெனியில் அவர் பொறியாளர். நடந்தால் நடை, ஓடினால் ஓட்டம், படுத்தால் உறக்கம் என்று கை அசைவை வைத்தே கண்டுபிடிக்கும்படி அந்த வாட்ச்சுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு மேசையைத் தட்டினார்.

"ஊர்ல உள்ள வாட்ச் எல்லாம் சைக்கிள் ஓட்டினா கணக்குப் பண்ணுது. நம்ம வாட்ச் மட்டும் முழிச்சுக்கிட்டு நிக்குது. நானெல்லாம் தினமும் காலைல நாப்பது நிமிஷம் சைக்கிள் ஓட்டுற ஆளு. என் கம்பெனி வாட்ச்சே அதைக் காட்டலைன்னா வெளியில தலை காட்ட முடியுமா?" என்றவர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "நீங்களே இருபது மணி நேரம் ஓட்டி அதுக்குக் கத்துக்குடுங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியும் இல்ல?"

அறையில் பதினெட்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று எந்த நாற்பத்தொரு வயது ஆள் சொல்வார்?

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! சின்ன வயசுலேர்ந்தே ஓட்டுறேன்."

சின்ன வயதில் அவர் ஓட்டியது மூன்று சக்கரம். கல்யாணமான புதிதில் மனைவி கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் ஆசிரியை. கார் ஸ்டியரிங்கைப் பார்த்தாலே அழுகிறவர்களைக்கூட ஒரே மாதத்தில் நெடுஞ்சாலையில் ஓட்ட வைத்துவிடுவாள். அவள் வாழ்க்கையிலேயே தோற்றுப்போன ஒரே மாணவர் இவர்தான். நாலாவது நாள் சாக்கடையில் விழுந்து எழுந்தவர், பிறகு சைக்கிள் இருக்கிற பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

"அந்த வாட்ச்சை என்கிட்டக் குடுங்க. நான் ஓட்டித் தர்றேன்" என்றாள் மனைவி.

"முடியாது. இன்னும் வெளியே வராத வாட்ச். வேற யார் கையிலயும் கட்ட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கையெழுத்துல மட்டும் ரொம்ப நேர்மை!"

முதலில் அவர் சைக்கிளைத் தெருவில் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தார். வாட்ச் 'நடை' என்றது. மனைவி ஓட்ட, பின்னால் கேரியரில் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். வாட்ச் 'ஓய்வு' என்றது. எதிர்வீட்டுக்காரர் வேறு என்னென்னவோ சொன்னார். ஸ்டாண்ட் போட்டு மிதித்தபோது கை அசையாமல் கிடந்தது; வாட்ச் 'உறக்கம்' என்றது. அப்போதுதான் பின்னறையில் மெஷின் தடதடக்க ஆரம்பித்தது. அடடா, இத்தனை நாள் ரோடு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறதே என்று துள்ளிக் குதித்தார்.

இருபது மணி நேரம் மெஷின் ஓட வேண்டும் என்றால் துணிக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த திரைச்சீலைகள் நான்கு முறை குளித்தன. நீலச் சட்டை சாம்பலானது. அதுவும் போதாமல் மேல் வீட்டுத் துணிமணியையும் கேட்டு வாங்கினார். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்று மேல் வீட்டுக்காரம்மா உருகியபோது மனைவி மெல்லப் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

விலை குறைந்த வாட்ச் என்பதால் இடம் காட்டும் வசதி அதில் கிடையாது. எவ்வளவு நேரம் குலுங்குகிறதோ அதற்கேற்ற தூரம் என்று ஒரு கணக்கைப் போட்டு, மூட்டை கட்டி முதலாளியிடம் கொடுத்துவிட்டார். வேலை முடிந்தது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

வாட்ச்சை முதலாளியும் இன்னும் பத்துப் பேரும் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை வாசலிலேயே செக்யூரிட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளிலேயே வேலைக்கு வருகிறவர்.

"சார், ஒன்பது கிலோமீட்டர் மிதிச்சு வந்திருக்கேன். இதுல 'உறக்கம்'னு காட்டுது. நான் தூங்கிக்கிட்டேவா சார் வந்தேன்?"

பொறியாளர் பதில் சொல்வதற்குள் முதலாளியே கையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ், பிரமாதம்யா! பாருங்க, நாப்பது நிமிஷம், பதினாலு கிலோமீட்டர்! அப்படியே புள்ளி பிசகாம காட்டுது."

பொறியாளரால் நம்பவே முடியவில்லை. முதலாளி வீட்டுத் தெரு அவ்வளவு குண்டும் குழியுமாக இருக்கும் போலிருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். செக்யூரிட்டிக்காக வாட்ச்சின் உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினார். மறுநாள் கேன்டீன் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"நான் மிக்ஸிதாங்க போட்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள்ல போயிருக்கேனாம். எங்கங்க போனேன்?"

உடனே குறைத்தார். அக்கா வீடு திரும்பினாள். செக்யூரிட்டி மறுபடியும் உறங்கப் போனார். எப்படித் திருகினாலும் முதலாளியின் பதினாலு மட்டும் அசையவில்லை.

புகார் முதலாளி காதுக்குப் போனது. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"என் வாட்ச் சரியாக் காட்டுது. அப்போ வாட்ச் சரி. செக்யூரிட்டிதான் தப்பா ஓட்டுறாரு."

"சார், அவர் முப்பது வருஷமா…"

"முப்பது வருஷமாத் தப்பா ஓட்டிட்டிருக்காரு. நீங்களே அவருக்கு ஒழுங்கா ஓட்டக் கத்துக்குடுங்க. ஞாயித்துக்கிழமை அறிமுக விழா. மொத்த கம்பெனியும் சைக்கிள்ல ஊர்வலம். முன்னால நான், என் பக்கத்துல நீங்க. அதுலயும் அவர் வாட்ச் 'உறக்கம்'னு காட்டுச்சுன்னா, அப்படித் தூங்குற ஆளு நம்ம வாசலுக்கு வேண்டாம்."

அன்று மத்தியானம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பாடம் ஆரம்பமானது. செக்யூரிட்டி தன் பழைய கறுப்பு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். பொறியாளர் பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டார்.

"அண்ணே, முதல்ல… ரெண்டு பெடலையும் மிதிங்க."

"ரெண்டையும் ஒரே நேரத்துலயா சார்?"

"இல்ல… மாத்தி மாத்தி."

"அப்படித்தான் சார் மிதிக்கிறேன்."

"ஆங், நல்லா மிதிக்கிறீங்க. இப்போ கையைக் கொஞ்சம் தடதடன்னு ஆட்டுங்க."

செக்யூரிட்டி கையைத் தடதடவென்று ஆட்டினார். சைக்கிள் நேராகப் போய்ப் பூந்தொட்டியில் முட்டிச் சாய்ந்தது. எழுந்து சீருடையைத் தட்டிக்கொண்டு வண்டியை இவரிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கிறேன்."

"எனக்கு… இப்போ ஒரு மீட்டிங் இருக்கு அண்ணே."

செக்யூரிட்டியின் முகம் வாடிவிட்டது. "என் ரெண்டு பொண்ணுங்களையும் இதே சைக்கிள்ல வச்சுத்தான் சார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவை கீழ போட்டதில்ல. அத்தனையும் தப்பா ஓட்டினதா சார்?"

பொறியாளர் வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நடந்ததை மனைவியிடம் சொன்னார்.

"என் பொய்யினால அந்த மனுஷன் வேலை போகப்போகுதுடி."

"அப்போ உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா என் வேலை போயிடும்."

"போனா போகுது. நான் சம்பாதிக்கிறேன், நீங்க துணி துவைங்க. அதுலதான் நல்ல கைப்பழக்கம் இருக்கே."

"கால்ல கட்டு ஒண்ணு போட்டுக்கிட்டா?"

"உங்க கால்ல கட்டுப் போட்டா அவர் வாட்ச் சரியாயிடுமா?"

அவர் எழுந்து போய் ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி வாசலில் நாற்பது சைக்கிள்களும் இரண்டு புகைப்படக்காரர்களும் காத்திருந்தார்கள். செக்யூரிட்டி கறுப்பு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, ஓரமாகத் தலை குனிந்து நின்றார். முதலாளியின் கார் வந்தது. ஓட்டி வந்தது அவருடைய மனைவி. முதலாளி பின் கதவைத் திறந்துகொண்டு மெல்ல இறங்கினார். வலது காலில் முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கட்டு.

"நேத்து சைக்கிள்ல ஒரு வளைவுல வேகமாத் திரும்பிட்டேன். ஒண்ணும் பயப்படாதீங்க. ஊர்வலத்தை நீங்களே முன்னால நின்னு நடத்துங்க" என்று பொறியாளர் தோளில் கை வைத்தார். "செக்யூரிட்டி, உமக்கு இதுதான் கடைசி வாய்ப்பு."

பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சார், அவர் மேல தப்பே இல்ல. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த வாட்ச் சைக்கிளையே பார்த்ததில்ல. எங்க வீட்டு வாஷிங் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துதான் இதுக்குக் கத்துக்குடுத்தேன். மெஷின் தடதடப்பு மட்டும்தான் இதுக்குத் தெரியும்."

செக்யூரிட்டி மெதுவாகத் தலை நிமிர்ந்தார். முதலாளியின் முகம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்து, கடைசியில் ஒரு நிறத்திலும் நிற்கவில்லை.

"பொய்! சுத்தப் பொய்! அப்போ என் வாட்ச் மட்டும் எப்படிய்யா தினமும் பதினாலு காட்டும்? நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு…"

"அடடே, நீங்கதானா தம்பி அந்த வாட்ச் செஞ்சவரு?" என்று காரிலிருந்து இறங்கிய முதலாளியின் மனைவி, சிரித்த முகமாக நடுவில் வந்து நின்றார். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! எங்க வாஷிங் மெஷின் மூடி உடைஞ்சு ஆறு மாசமாச்சு, கொஞ்சம் அமுக்கிப் பிடிங்கன்னு கெஞ்சினாலும் வர மாட்டாரு. இதைக் கட்டின அன்னிக்குத்தான் ஒரு தடவை வந்து பிடிச்சாரு. அதுலேர்ந்து நான் கூப்பிடாமலே தினமும் காலைல நாப்பது நிமிஷம் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு!"