ஓணான் தலையாட்டிய சத்து மருந்து

ஒரு காட்டில் செல்போன் டவர் முளைத்ததற்குப் பிறகு நடந்த கதை இது. அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்து மார்க்கும் வாங்கிவிட்டீர்கள்.

அந்தக் காட்டில் தெய்வானை என்றொரு மந்தி இருந்தாள். அவளுக்குப் பூவரசன் என்று ஒரே பிள்ளை. தாவப் பழகிவிட்டான், ஆனால் அலுப்பு வந்தால் இன்னும் அம்மா வயிற்றைத்தான் கட்டிக்கொள்வான். மந்திகள் வீட்டில் பிள்ளை என்பது ஒருத்தி சொத்து இல்லை. காலையில் அம்மா மடி, வெயில் ஏறினால் பெரியம்மா மடி, அப்புறம் சித்தி, அப்புறம் அத்தை. யாருக்குக் கை சும்மா இருக்கிறதோ அவளிடம் பிள்ளை போய்விடும். கேட்கிறதும் இல்லை, சொல்கிறதும் இல்லை. இந்த வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வில்லங்கமே இங்கேதான்.

தெய்வானைக்கு இருந்தது ஒரே கவலை. "என் பிள்ளை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்!"

அவள் கையால் ஊட்டினால் துப்புவான், அது நிஜம். கொழுந்து கொடுத்தாலும் துப்பு, அத்திப்பழம் கொடுத்தாலும் துப்பு. ஆனால் அடுத்தவர் வாயில் இருப்பதைப் பிடுங்கித் தின்பதில் பயல் படு கெட்டி. பெரியம்மா வாயிலிருந்து நாவல்பழம், சித்தி வாயிலிருந்து புளியங்கொழுந்து, அத்தை அசந்த நேரம் பார்த்து அவள் வாய்க்குள் விரலை விட்டு விளாம்பழத் துண்டு. இதையெல்லாம் தெய்வானை சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. அது சேட்டையாம்.

இப்படி இருக்கும்போது, 'காட்டு அம்மாக்கள்' வாட்ஸ்அப் குழுவில் மிருதுளா என்ற புள்ளிமான் ஒரு வீடியோ போட்டாள். அவள் குட்டி துள்ளி ஓடுகிறது. கீழே, "பிறந்த அன்னைக்கே ஓடிட்டான்ப்பா! எல்லாம் நான் சாப்பிட்ட சத்து மருந்து. இப்ப அவனுக்கும் டெய்லி குடுக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். மான்குட்டி பிறந்த அன்றே ஓடாவிட்டால் புலி வயிற்றில் அல்லவா இருக்கும், அதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்தக் குழுவில் ஒரு ஜீவன் இல்லை. கேட்டிருந்தால் குழுவை விட்டே தூக்கியிருப்பார்கள்.

தெய்வானை வீடியோவைப் பார்த்தாள். தன் வயிற்றில் தொற்றிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். "அது ஓடுது, இது தொங்குதே! நான் என்ன அம்மா?" என்று அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் மருந்துக் கடைக்குப் போனாள். ஏகாம்பரம் ஓர் ஓணான்.

"அண்ணே, பிள்ளைக்கு தினமும் சத்து மருந்து குடுக்கணுமா?"

ஏகாம்பரம் தலையை ஆட்டினான்.

"சொட்டு மருந்து நல்லதா?"

ஆட்டினான்.

"மிட்டாய் மாதிரி வருதே, அது?"

அதற்கும் ஆட்டினான்.

"இரும்புச்சத்து இருக்கிறதா, இல்லாததா?"

இரண்டுக்கும் சேர்த்து ஆட்டினான். ஓணான் தலையாட்டுவது பிறவிக் குணம். ஈ பறந்தாலும் ஆட்டுவான், இலை அசைந்தாலும் ஆட்டுவான். ஆனால் தெய்வானை, "எவ்வளவு விஷயம் தெரிஞ்ச மனுஷன்!" என்று மலைத்துப்போய், எந்தப் பாட்டிலுக்கு அதிக நேரம் ஆட்டினானோ அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இவள் புலம்பல் மரம் முழுக்கக் கேட்டதுதானே? சொந்தக்காரிகளுக்கும் மனசு இருக்கிறதே! பெரியம்மா தனியாகப் போய், "வளர்ற பிள்ளைக்குச் சின்னதா வாங்கி என்ன பண்றது" என்று இருப்பதிலேயே பெரிய பாட்டிலை வாங்கினாள். சித்தி, "சிங்கக்குட்டி படம் போட்டிருக்கு, சும்மாவா போடுவான்" என்று மிட்டாய் டப்பா வாங்கினாள். அத்தை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து, எது அதிகம் தித்தித்ததோ அதைத் தேர்ந்தெடுத்தாள். சொன்னால் தெய்வானை மனசு நோகுமே என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் என்ன? மடி மாற மாற மருந்தும் மாறியது. எல்லாப் பாட்டிலிலும் 'நாளொன்றுக்கு ஒன்று' என்றுதான் இருந்தது. எல்லாரும் ஒன்றுதான் கொடுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒருத்தியும் தப்பு செய்யவில்லை.

முதலில் பூவரசன் மஞ்சள் கரைத்த மாதிரி ஒன்றுக்குப் போனான். "சத்து ஏறுதுடி!" என்று சித்தி பூரித்துப்போனாள். ஆனால் ஒருநாள் பெரியம்மா நிம்மதியாக நாவல்பழம் மென்றுகொண்டிருந்தபோது, திடீரென்று நிறுத்தினாள்.

"என்னடி இது, என் வாயில யாரும் கை விடலையே?"

பூவரசன் கிளையில் சுருண்டு கிடந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். வாந்தி எடுத்தான். "இன்னொரு மூடி குடுத்துப் பாப்போமா?" என்றாள் அத்தை. தெய்வானைக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே மூன்று பேரும் ஓடினார்கள்.

டாக்டர் சபேசன் ஒரு மரங்கொத்தி. பூவரசன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணுமே சாப்பிட மாட்டான் டாக்டர். சத்து மருந்து மட்டும் ஒரு மூடி."

பின்னால் பெரியம்மா இருமினாள். "நானும் ஒரே ஒரு மூடிதான் குடுத்தேன்."

"நான் ஒரு மிட்டாய்தான்," என்றாள் சித்தி.

"நானும் அவனுக்கு ஒண்ணுதான்," என்றாள் அத்தை. "எனக்குத்தான் ரெண்டு."

டாக்டரின் கொண்டை நிமிர்ந்தது. "ஏம்மா, சத்து மருந்தா இல்ல கோயில் பிரசாதமா, ஆளாளுக்கு அள்ளிக் குடுக்க? இரும்புச்சத்து கூடிப்போனா குழந்தை உசுருக்கே ஆபத்து. விளையாட்டா இது?"

"நான்தான் கெடுத்துட்டேனா டாக்டர்?" என்றாள் தெய்வானை. டாக்டர் பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வேலை இருந்தது.

பிள்ளையைத் தன் மரத்திலேயே வைத்துக் கவனித்தார். தட்டினார், நாடி பார்த்தார், மறுபடியும் தட்டினார். தெய்வானை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் அவசரமாக ஒரு புழுவைக் கொத்தி வாயில் வைத்தார். சடாரென்று ஒரு குட்டிக் கை அவர் அலகுக்குள் நுழைந்து அந்தப் புழுவைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"பிள்ளை தேறிட்டான்," என்றார் டாக்டர், வெறும் வாயை மென்றுகொண்டு. "இப்படி ஊர் வாயிலிருந்து வகைவகையாத் தின்கிறவனுக்கு டெய்லி மருந்து எதுக்கும்மா? தேவைப்பட்டா நான் சொல்றேன், அவன் வயசுக்கு எது, எவ்வளவுன்னு. அப்பவும் ஒரு ஆள்தான் குடுக்கணும். பாட்டிலை அவனுக்கு எட்டாத இடத்துல வைங்க."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பூவரசன் அதற்குள் மரத்தின் உச்சியில் இருந்தான்.

"எங்க வீட்ல அவன் போகாத இடம்னா தரைதான் டாக்டர்," என்றாள் தெய்வானை.

"அப்ப தரையில புதைங்க. அடுத்த ஆள் வாங்க!"

விஷயத்தைக் குழுவில் போட்டாள் தெய்வானை. "மருந்தே எழுதித் தரலையா? அப்ப என்ன டாக்டர் அவர்?" என்று கேட்டாள் மிருதுளா. நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

மறுநாள் தெய்வானை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏகாம்பரத்தின் கடைக்குப் போனாள். கோபமாகத்தான் போனாள்.

"பாத்து வித்திருக்கக் கூடாதா அண்ணே?"

தலையை ஆட்டினான்.

"எல்லார் முன்னாடியும் டாக்டர் என்னைத் திட்டிட்டார் தெரியுமா?"

ஆட்டினான்.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "அண்ணே, நான் நல்ல அம்மாதானே?"

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்து வந்தது. ஏகாம்பரம் ஆட்டினான், ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். தெய்வானை பொலபொலவென்று அழுதாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவளிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பெரியம்மா சொன்னதில்லை, குழு சொன்னதில்லை, அவ்வளவு படித்த டாக்டரும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் வாங்கி வந்து மரத்தடியில் புதைத்தாள். ஒருநாள் போனபோது, மிருதுளா கண் சிவந்து கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதது போலப் போய்விட்டார்கள். இப்போது அந்தக் கடைக்குப் பக்கத்துக் காட்டிலும் ஒரு கிளை இருக்கிறது. ஏகாம்பரத்தின் தம்பி அங்கே உட்கார்ந்து தலையாட்டுகிறான்.

நீதி: நன்றாகத் தின்கிற பிள்ளைக்கு தினசரி சத்து மருந்து தேவையில்லை, அம்மாவுக்குத்தான் ஓர் ஓணான் தேவை, தினம் ஒரு வேளை, உணவுக்குப் பின்.