ஒரே வரியில் எடுத்த புடவை

எனக்கு வாய் நீளம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இன்னும் இரண்டு முழம் நீளும். அதற்கான கூலி அண்ணன் நிச்சயதார்த்தத்தில் கிடைத்தது.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புடவைக்கு ஒரு வரிசை. அதன் விவரமெல்லாம் ஒரே கட்டத்துக்குள், பிரிவுக்குள் பிரிவாக அடுக்கும் ஜேசன் என்ற வடிவத்தில் இருக்கும். மேலே புடவையின் நிறம்; கீழே முந்தானை என்று ஒரு பிரிவு, அதற்குள் முந்தானைக்கென்று தனி நிறம். (இப்படி அடுக்கி வைத்த மேதாவியும் நானேதான்.)

ஐயம்பேட்டையிலிருந்து வரப்போகும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் கலரானாலும் சரிமா. கருப்பு மட்டும் ஒரு இழைகூட வாணாம். எங்கம்மா சகுனம் ரொம்ப பாப்பாங்க."

கடைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து எடுக்கலாம் என்றார் அம்மா.

"இன்னாமா நீ! நாள் பூரா புடவைய பிரிச்சுக்கினு இருப்பியா? கம்ப்யூட்டர்ல ஒரே வரி எழுதுனா கருப்பெல்லாம் ஓடிடும்" என்றேன்.

எழுதினேன். பட்டியல் வந்தது. முதலில் இருந்த அரக்குப் புடவையை மடிப்புக் கலையாமல் பெட்டியோடு வாங்கி வந்தேன்.

நிச்சயத்தன்று தட்டில் வைத்துக் கொடுத்தோம். அண்ணி அதைக் கட்டிக்கொள்ள அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய அம்மா புடவையோடு வெளியே வந்தார். உள்மடிப்பிலிருந்து முந்தானை தொங்கியது. அட்டக் கருப்பு.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாங்க இது? எங்க பொண்ணு வாய விட்டு சொன்னாளே!"

அம்மா என் பக்கம் திரும்பினார். "பிரிச்சுப் பாத்தியாடி?"

"கம்ப்யூட்டர்ல பாத்தேன்மா."

மண்டபமே என்னைப் பார்த்தது. நான் எழுதிய வரி மேலே இருந்த நிறத்தை மட்டும் வடிகட்டியிருக்கிறது. முந்தானைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு புடவைக்கு ஓட நேரமில்லை. வரும்போது கட்டியிருந்த பழைய புடவையிலேயே அண்ணி மணையில் உட்கார்ந்தார். அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருந்தது தெரிந்தது. அம்மாவும் அண்ணனும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்க வேண்டிய நான் சாப்பாட்டுக் கூடத்தில் ஒளிந்துகொண்டு இலை போட்டுக்கொண்டிருந்தேன். (அதுவும் தலைகீழாகப் போட்டேனாம்.) அன்று எடுத்த ஃபோட்டோ அம்மா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இன்றுவரை அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் எனக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுப் புடவை வந்ததும் அண்ணியே எடுத்தார். ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே முழுப் புடவையையும் விரித்தார். முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புடவை நல்லா இருக்குது. மாப்பிள்ளைய உள்ள வரைக்கும் பாத்தியாமா, இல்ல மேலோட்டமாத்தான் பாத்தியா?"

மண்டபம் அதிரச் சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் விழித்தார். அவரிடம் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கவில்லை. அன்றே அண்ணி முழுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இப்போது நான் காய்கறி வாங்கி வந்தாலும் அவர்தான் முதலில் கேட்கிறார்: "பிரிச்சுப் பாத்தியா?"